உள்ளங்கையில் ஒரு சொட்டு

ஒரு சொட்டுதானே, அதைப் போய் யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா என்று மைதீன் பிச்சை தன்னையே கேட்டுக்கொண்டார், கேட்ட கையோடு சொல்ல மாட்டார்கள் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார், சொல்லி வாய் மூடுவதற்குள் கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து கிராம்பு வாசம் மறுபடி எட்டிப் பார்த்தது. பெரியாஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் அவர் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் மனைவி பீர்பாத்து, அவள் மடியில் ஸ்கேன் படங்கள் வைத்த மஞ்சள் பை, பைக்குள் ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும், தண்ணீர் இப்போதைக்கு இல்லை, எல்லாம் முடிந்த பிறகு. வெறும் வயிற்றில் வரவும் என்று சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வெறும் வயிற்றில்தான் வந்திருந்தார், அந்த ஒரு சொட்டைத் தவிர. விடியற்காலைத் தொழுகை முடிந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்க வேண்டும், பீர்பாத்தும் அதைத்தான் சொன்னாள், போகிற வழியில்தானே கடை, காசிம் ஒற்றையாளாகத் திண்டாடுவான், ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இவர்தான் நுழைந்தார். இருபத்தாறு வருஷமாக அந்தப் பரோட்டாக் கடைக்கு சால்னா மாஸ்டர், சட்டி கொதிக்கிற சத்தம் கேட்டால் கால் தானாகத் திரும்பத்தான் செய்யும். “அண்ணே, உப்பு மட்டும் பாத்துருங்களேன்” என்றான் காசிம். வலது கை கரண்டியை எடுத்தது, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டது, உள்ளங்கை வாய்க்குப் போனது, நாக்கு நக்கியது, “அரைக் கை உப்பு போடு” என்று வாய் சொன்னது. இத்தனையிலும் மைதீன் பிச்சை என்கிற ஆள் எங்கேயுமே இல்லை. பஸ் ஆலங்குளம் தாண்டும்போது ஏப்பம் வந்து, ஏப்பத்தில் கிராம்பு வந்து, அடப் பாவி மனுசா என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். அதிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அவர் பீர்பாத்துவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஈரல் சுருங்கிப்போச்சு என்று டாக்டரம்மா முதலில் சொன்னபோது அவருக்குக் கடையில் எண்ணெயில் விழுந்து சுருளுகிற ஈரல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் வந்த மஞ்சக்காமாலைக் கிருமி போகவே இல்லையாம், உள்ளேயே குடியிருந்து, வாடகையும் தராமல் வீட்டையும் இடித்துக்கொண்டிருந்ததாம். ஈரலுக்குள் போக வழியில்லாத ரத்தம் சுற்று வழி தேடுகிறது, அந்தச் சுற்று வழியில் சாப்பாட்டுக் குழாயின் அடியில் இருக்கிற நரம்புகள் புடைத்து, வீங்கி, தோல் மெலிந்து நிற்கின்றன, ஒரு நாள் வெடிக்கும். வெடித்தது. இரண்டு மாதத்துக்கு முந்தி, மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்குக் குமட்டியது, பீர்பாத்து அரிசி களைந்துகொண்டிருந்தவள் அரிசியைத் தரையில் கொட்டிவிட்டு அந்தச் சட்டியையே அவர் வாய்க்குக் கீழே ஏந்தினாள், சட்டி நிறைந்தது. அவ்வளவு ரத்தம் ஒரு ஆளுக்குள் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கத்தினது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், பீர்பாத்து கத்தவில்லை, சட்டி சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு “இந்தா, ஆட்டோ வந்துட்டு மச்சான், வந்துட்டு மச்சான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆட்டோ வர இருபது நிமிஷம் ஆனது. அந்தச் சட்டியில் அதற்குப் பிறகு அவள் அரிசி களையவில்லை, தூக்கி எறியவும் இல்லை, தேய்த்துக் கழுவி மச்சில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஏன் வைத்திருக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை, கேட்டால் இன்னொரு தடவைக்கு வேண்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இன்னொரு தடவை என்பதுதான் விஷயமே. முதல் நாள் அவசரத்தில் நான்கு இடத்தில் கட்டினார்கள், இன்னும் கட்ட வேண்டியது இருக்கு, மூணு வாரத்துல வாங்க, எல்லா நரம்பும் அடங்குற வரைக்கும் வரணும், வராம இருந்து மறுபடி வெடிச்சா நான் உறுதி சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் விளக்கினார். குழாய் முனையில் ஒரு சின்ன மூடி, மூடியைச் சுற்றி ரப்பர் வளையங்கள், புடைத்த நரம்பை மூடிக்குள் உறிஞ்சி இழுத்து அதன் கழுத்தில் வளையத்தை நழுவ விடுவது, ரத்த ஓட்டம் நின்று அந்த முடிச்சு நாலைந்து நாளில் காய்ந்து தானே உதிர்ந்துவிடும். அட, சால்னா பார்சல் என்று மைதீன் பிச்சை உடனே சொல்லிவிட்டார். கவரில் ஊற்றி, கழுத்தைப் பிடித்து முறுக்கி, ரப்பர் போட்டுச் சுண்டுவது, ஒரு நாளைக்கு முந்நூறு கட்டியிருக்கிறார், ஒன்று அவிழ்ந்து ஒருத்தன் சட்டையில் கொட்டியது என்று பேச்சு வந்ததில்லை. டாக்டரம்மா சிரித்து, கரெக்ட் ஐயா, அதேதான் என்றார். வேலை விளங்கியது. இந்த வேலையில் கட்டுகிற ஆள் தானில்லை, தான்தான் கவர் என்பதுதான் விளங்கச் சிரமமாக இருந்தது.

பெஞ்சில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள், உச்சிமாகாளி என்று பேர் சொன்னான், நாற்பது வயது இருக்கும், கண் இரண்டும் மஞ்சள், ஐந்தாவது தடவையாக வருகிறானாம், கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தான். “அண்ணாச்சிக்கு எத்தன வருசமா குடி?” என்று கேட்டான். நான் குடிக்கிறதில்லை என்றார் மைதீன் பிச்சை. “நானும் அப்பிடித்தான் சொல்லுவேன்” என்று அவன் கண் சிமிட்டினான். கோபம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது, யாரிடம் போய் எத்தனை தடவை சொல்வது, ஜமாஅத்தில் கூட ரெண்டு பேர் ஒரு மாதிரிப் பார்க்கத்தான் செய்தார்கள். பீர்பாத்து மட்டும் எட்டிப் பார்த்து, “எங்க மச்சான் சோடா குடிச்சாலே சளி பிடிக்கும்பாக” என்றாள், அவன் சிரித்துவிட்டு, “அப்ப கேளுங்க அண்ணாச்சி, ஒரு ஐடியா சொல்லுதேன், கொழாய் வரும்போது தொண்டைய பத்தி நெனைக்காதீய. மூக்கால மூச்சு விடுங்க. முழுங்குன்னு சொன்னா சண்ட போடாம முழுங்கிருங்க. கை மட்டும் பத்திரம், கை போய் கொழாய பிடிச்சு இழுக்கும்” என்றான். கை. மைதீன் பிச்சை தன் இரண்டு கைகளையும் பார்த்தார், வெந்நீர்ப் பதமும் எண்ணெய்ப் பதமும் ஏறித் தடித்த கைகள், இத்தனை வருஷம் சோறு போட்ட கைகள்தான், ஆனால் சமயத்தில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முதல் தடவை அரை நினைவில் அந்தக் கறுப்புக் குழாய் தொண்டையைத் தொட்டதும் இந்த வலது கைதான் பாய்ந்து போய் அதைப் பிடித்து உருவப் பார்த்தது, இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள், தண்ணீருக்குள் முக்கிப் பிடித்த மாதிரி மூச்சு முட்டி, மௌத், சாவு இதுதான் என்று கலிமா சொல்லப் பார்த்து, சொல்ல வாய் இல்லை, வாயில் பல்லுக்கு நடுவே மாட்டிய பிளாஸ்டிக் வளையம். அதை நினைத்தால் இப்போதும் கழுத்து நரம்பு இழுக்கிறது.

அந்த நினைப்புதான் போன தடவை அவரைப் பொய் சொல்ல வைத்தது. அதைத்தான் அவர் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி வைத்தார், ஒதுக்க ஒதுக்க அது காலைச் சுற்றி வந்தது. போன தடவை, இதே பெஞ்சு, இதே வாசல், கிரேஸி சிஸ்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார், “காலைல ஏதும் சாப்டீங்களா ஐயா?” ஒன்றும் சாப்பிடவில்லை, எச்சிலைக் கூட யோசித்துத்தான் முழுங்கியிருந்தார், ஆனால் திறந்த கதவு வழியாக உள்ளே அந்தக் குழாய் கொக்கியில் தொங்குவது தெரிந்தது, வாய் சொன்னது, “ரெண்டு இட்லி சாப்டுட்டேன் சிஸ்டர், வீட்ல குடுத்துட்டாங்க, எனக்கு ஞாபகம் இல்ல.” வீட்டில் குடுத்துட்டாங்க. அது எங்கிருந்து வந்தது? இட்லி என்பதோடு நிறுத்தியிருக்கலாமே, பயந்தவன் பயந்தவனாக ஓடியிருக்கலாமே, போகிற போக்கில் அவளையும் இழுத்துத் தெருவில் விட வேண்டுமா? சிஸ்டர் பீர்பாத்து பக்கம் திரும்பினார், “ஏம்மா, படிச்சுப் படிச்சு சொன்னோம்ல? ஆள சாகடிக்கணும்னே கூட்டிட்டு வாறியளா? ஒருத்தர் எடத்த வீணாக்கிட்டியளே” என்று இருபது பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். பீர்பாத்து அவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள். மாமி மகள், பத்து வயதிலிருந்து தெரிந்த முகம், அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அப்புறம் சிஸ்டரைப் பார்த்து, “தப்புதான் சிஸ்டர்” என்றாள். ஐந்து வாரம் தள்ளி வேறு தேதி போட்டார்கள். பஸ்ஸில் பேசவில்லை, வீட்டில் பேசவில்லை, அதாவது மற்றதெல்லாம் பேசினாள், மாத்திரை போட்டாச்சா, மீன் வாங்கவா, மகள் போன் பண்ணினாள், எல்லாம். இட்லியைப் பற்றி மட்டும் இல்லை. ஐந்து வாரம் இட்லி ஊற்றவும் இல்லை, தோசைதான். அவர் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டே இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று முப்பத்தைந்து நாளை ஓட்டினார்.

இந்த முப்பத்தைந்து நாளில் அவர் ஒன்று முடிவு செய்திருந்தார், தலை போனாலும் இந்தத் தடவை அந்தக் குழாயை முழுங்குவது, அந்தச் சட்டி மச்சிலேயே கிடக்க வேண்டும், பீர்பாத்து கையில் மறுபடி வரக் கூடாது. முடிவு செய்து, மனதைக் கட்டி, ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தால், இந்த ஒரு சொட்டு. சொல்லாமல் இருந்தால் என்ன, ஒரு சொட்டு, நக்கிய உடனே காய்ந்திருக்கும். ஆனால் வயிற்றில் ஏதாவது இருந்து குமட்டினால் மூச்சுக் குழலுக்குள் போகும் என்று சிஸ்டர் அன்றைக்குக் கத்தியது காதில் இருக்கிறது, மாஸ்டருக்கு அளவு தெரியும், ஒரு சொட்டுக்கு அதெல்லாம் இல்லை என்றும் தெரியும், தெரிந்தது என்று நினைத்துத்தானே ஆட்கள் கெடுகிறார்கள். சரி, சொன்னால்? சொன்னால் அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் மனசு தன் வாலைக் காட்டியது. சொல்லு சொல்லு என்று அது அவசரப்பட்டது, உண்மையைத்தானே சொல்லப்போகிறாய், அல்லாவுக்கே பொதுவாகச் சொல்லப்போகிறாய், சொன்னால் அவர்களாக அனுப்பினால் நீ என்ன செய்வாய், உன் மேல் குற்றம் இல்லையே, பன்னிரண்டு மணிக்குள் ஊர் போய்விடலாம். அவருக்குத் தன் மனசைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது, கடையில் கல்லாவை அடிக்கிறவன் இப்படித்தான் ரொம்ப நல்லவனாகப் பேசுவான். ரமலானில் முப்பது நாளும் உப்பு பார்க்காமல் வாசத்திலேயே சால்னா வைத்தவர், ஒரு நாள் கூட உப்பு பிசகியதில்லை, ஒரு நாள் கூடக் கை வாய்க்குப் போனதில்லை, அப்போது கைக்குத் தெரிந்தது, இன்றைக்கு ஏன் தெரியவில்லை? சின்ன வயதில் ஓதிக் கொடுத்த ஹஜ்ரத் சொல்வார், நோன்பாளி மறந்து சாப்பிட்டுவிட்டால் நோன்பு முறியாது, அல்லா ஊட்டினான் என்று நினைத்து மிச்சத்தை முடிக்கணும் என்று. மிச்சத்தை முடிக்கணும். எழுந்து போகலாம் என்று ஹஜ்ரத் சொல்லவில்லை. மாடிப்படி இருபது அடி தூரத்தில் இருந்தது, அதில் ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள், அவர் பார்வையை அதிலிருந்து பிடுங்கிக் கதவின் மேல் வைத்தார். உள்ளே போன உச்சிமாகாளி கால் மணி நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பேச முடியாமல் கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினான்.

“மைதீன் பிச்சை, யாரு மைதீன் பிச்சை?” கிரேஸி சிஸ்டர் சீட்டைப் புரட்டினார், போன தடவைப் பக்கத்தில் சிவப்பு மையில் என்னவோ எழுதியிருந்ததைப் படித்தார், முகம் மாறியது, “நீங்கதானா? இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடலல்ல?” நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிராம்பு. “சாப்டேன் சிஸ்டர்” என்றார். சிஸ்டர் சீட்டை மடக்கி, அவரைத் தாண்டி பீர்பாத்துவைப் பார்த்து, “ஏம்மா, இந்தத் தடவ என்ன, பொங்கலா?” என்று ஆரம்பித்தார், பீர்பாத்து பையை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள், வாய் திறக்கப் போனாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாமலே மறுபடி தப்புதான் என்று சொல்லப்போகிறாள், அது மைதீன் பிச்சைக்குத் தெரிந்தது, தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. “அவள ஒண்ணும் சொல்லாதீங்க!” என்றார், சத்தம் அவரே எதிர்பாராத அளவுக்கு வந்துவிட்டது, பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள், திரும்பட்டும், அன்றைக்கும் இருபது பேர் கேட்டார்கள். “போன தடவ அவ ஒண்ணும் தரல. நானும் ஒண்ணும் சாப்பிடல. இட்லின்னு சொன்னது பொய், கொழாய்க்குப் பயந்து நாந்தான் பொய் சொன்னேன், பழிய அவ தலையில போட்டேன். இன்னைக்கு சொல்றது நெசம். காலைல அஞ்சே முக்காலுக்கு சால்னாவுல உப்பு பாத்தேன், ஒரு சொட்டு, இந்தா, இதுல.” இடது உள்ளங்கையை நீட்டினார். சிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். “இருங்க” என்று உள்ளே போனார், டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்து, நீட்டின கையைக் குனிந்து பார்த்தார், இன்னும் நீட்டியபடியே வைத்திருந்தார் மைதீன் பிச்சை. “இவ்ளோதானா?” “இவ்ளோதான் டாக்டரம்மா.” “வேற தண்ணி, டீ?” “அல்லா சத்தியமா இல்ல.” டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பத்தே கால். “இதுக்காக அனுப்ப வேண்டியதில்ல. ஆனாலும் உங்கள கடைசியா எடுக்கேன், பன்னெண்டு ஆகும். எச்சிலத் தவிர ஒண்ணும் உள்ள போகக் கூடாது. இருப்பீங்களா?” அந்தக் கேள்வியில் போன தடவையும் சேர்ந்துதான் இருந்தது. “இருப்பேன்” என்றார்.

பன்னிரண்டு என்றால் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம், ஒன்றே முக்கால் மணி நேரமும் அந்த மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு. மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்தார், பீர்பாத்து பக்கத்தில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்தாள், இருவரும் எதிர்ச் சுவரில் புகையிலை கூடாது என்று எழுதியிருந்ததையே படித்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிச்சுக்கோ என்று வராது, முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குள் சொன்னதில்லை, சொன்னால் இருவருக்குமே கூச்சமாக இருக்கும். அவள் அழுகிறாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தார், அழவில்லை, மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்தாள். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள், “உப்பு எப்பிடி இருந்துச்சு?” அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. “அரைக் கை கம்மி” என்றார். “காசிமுக்கு என்னைக்குத்தான் உப்பு தெரிஞ்சிருக்கு” என்றாள், சொல்லும்போதே குரல் உடைந்தது, சிரிக்கிறாள் என்று நினைத்தார், பிறகு பார்த்தால் சிரிப்பும் இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது. “அஞ்சு வாரமா தோச சுட்டுப் போட்டியே” என்றார். “இட்லி ஊத்தினா ஒங்க மொகத்தப் பாக்க முடியாதுல்லா மச்சான்” என்றாள். அதற்குப் பிறகு மாடிப்படி இருக்கிற பக்கமே அவர் திரும்பவில்லை.

பன்னிரண்டு அடிக்கிற நேரத்தில் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். உள்ளே ஏசி குளிர், டெட்டால் வாசம், கொக்கியில் அந்தக் கறுப்புக் குழாய், பார்த்தார், நன்றாகவே பார்த்தார், பார்க்காமல் இருந்தால்தான் பெரிதாகத் தெரிகிறது. தொண்டையில் மருந்து அடித்தார்கள், கசந்து, நாக்கு மரத்து, கிராம்பு வாசம் ஒருவழியாகப் போயே போய்விட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள், வாயில் வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள், கிரேஸி சிஸ்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார், “ஐயா, கைய லேசா கட்டிக்கிடவா?” வளையத்துக்குள்ளிருந்து பேச முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம். மூக்கால் மூச்சு, மூக்கால், பார்சல் கட்டுகிறார்கள், அவ்வளவுதான், கழுத்தைப் பிடித்து முறுக்கி ரப்பர் போட்டுச் சுண்டுவது, குழாய் நாக்கைத் தாண்டியது, மருந்தையும் மீறித் தொண்டை முட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, வயிறு புரண்டு மேலே எழுந்தது, மச்சில் கவிழ்ந்த சட்டி, பீர்பாத்துவின் இரண்டு கை, இந்தா ஆட்டோ வந்துட்டு மச்சான், மூக்கால், மூக்கால், அப்போது வலது கை எழுந்தது. எழுந்ததை அவர் பார்த்தார். காலையில் இல்லாத ஆள் இப்போது இருந்தார், அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்தார், தட்டிக்கொடுக்கிற மாதிரி கீழே இறக்கினார், இடது உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். “முழுங்குங்க ஐயா” என்றார் டாக்டரம்மா. முழுங்கினார். நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு இழுப்பு, ஒரு சின்னச் சுண்டல், விரலுக்குப் பழக்கமான சுண்டல்தான், அவருக்குத் தெரிந்தது. “ஒண்ணு விழுந்துட்டு” என்றார் டாக்டரம்மா, “இன்னும் மூணு போடணும், இருங்க.” இருந்தார்.